இரவுச் சாலையும் அஞ்சற் காந்தமும்



வரலாறு என்றவுடன் நம் உள்ளத்தில் முதலில் எழுவன மன்னர்களின் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளுமே. அவை அறிய வேண்டியவைதாம், ஐயமில்லை. எனினும் நாள்தோறும் நம் கைபடும் சிறு பொருள்களுக்கும் வரலாறு உண்டு. அவ்வரலாற்றிலும் அறிவின் வெற்றியும் தோல்வியும் உண்டு. உயிர்கள் காக்கப்பட்டதும் இழக்கப்பட்டதும் உண்டு. அத்தகைய பொருளொன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கு, அதனை ஏற்றி அணைக்கும் ஸ்விட்சு, அவ்விரண்டுக்கும் நடுவே மறைந்து நின்று உழைக்கும் 'ரிலே' என்னும் சிறு கருவி ஆகிய மூன்றும் எவ்வாறு வந்தன, எதற்காக வந்தன என்பதே என் பேச்சின் பொருள்.

'ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. இதில் என்ன வரலாறு இருக்கிறது?' என்று உங்களுள் சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ணத் தோன்றும் அளவுக்கு அச்செயல் எளிதாகியிருப்பதே ஒரு வரலாறு. அந்த எளிமையைப் பெறுவதற்கு மனிதர் நூறாண்டுக்கு மேல் உழைத்திருக்கின்றனர். அவ்வுழைப்பின் உட்பொருளை நாம் மறந்துவிட்டால், பழுது நேர்ந்த இரவில் இருளில் நிற்க வேண்டியவர் நாமே.

முதலில் ஒரு சாலையை மனக்கண்முன் நிறுத்திக்கொள்வோம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு. தென்காசியிலிருந்து மேற்கே செங்கோட்டை வழியாகச் செல்லும் பெருஞ்சாலை, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகிறது. இக்கணவாய் தமிழகத்தையும் கேரளத்தையும் இணைக்கும் பழைய வாயில். 1904-ஆம் ஆண்டு இவ்வழியே இரயில் பாதை மலையைக் குடைந்து சென்றது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த ஊர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

இச்சாலையில் ஆண்டுக்கு இருமுறை வண்டிகள் பெருகும். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலச் சாரலை நாடி வருவோர் ஒரு திரள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலைக்குச் செல்வோர் மற்றொரு திரள். இரு காலங்களிலும் இரவுப் பயணம் மிகுதி. சாரல் காலத்தில் தூறலும் பனிப்புகையும் சாலையை மூடும். மலைப்பகுதியிலோ வளைவுக்கு வளைவு எதிர் வண்டியின் வெளிச்சம் திடீரென்று கண்ணில் அடிக்கும். அத்தகைய வளைவொன்றில் ஒரு பேருந்தின் இரு முகப்பு விளக்குகளும் ஒருசேர அணைந்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், உள்ளே உறங்கும் பயணிகள். அங்கே விளக்கு என்பது அழகுக்கு வைத்த பொருளாகாது. உயிருக்கு அமைந்த காவல்.

இனி அக்காவல் பிறந்த கதைக்கு வருவோம்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்கென்று தனி விளக்கு இல்லை. குதிரை வண்டியின் எண்ணெய் விளக்கையே அதன் முகப்பிலும் மாட்டினர். குதிரைக்குக் கண் உண்டு. அது தானே வழி அறிந்து நடக்கும். இயந்திரத்துக்குக் கண் இல்லை, வேகமோ அதிகம். ஆகவே எண்ணெய் விளக்கு போதவில்லை. 1892-ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் தாமஸ் வில்சன் என்பார் மின் உலையில் வேறொரு பொருளைச் செய்ய முயன்றபோது கால்சியம் கார்பைடு கிடைத்தது. அதன்மீது நீர் சொட்டினால் அசெட்டிலின் என்னும் வாயு எழும். அவ்வாயு வெண்மையான ஒளியுடன் எரியும். இன்றும் வெல்டிங் பட்டறைகளில் இவ்வாயுவின் சுடரை நீங்கள் கண்டிருக்கலாம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளின் முகப்பில் எரிந்தது இந்தக் கார்பைடு விளக்கே.

அவ்விளக்கை ஏற்றும் முறையைக் கேளுங்கள். மாலை மங்கியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்குவார். நீர்க்குழாயைத் திறப்பார். வாயு எழும்வரை காத்திருப்பார். பிறகு விளக்கின் கண்ணாடியைத் திறந்து தீக்குச்சி கிழித்து வைப்பார். மழையும் காற்றும் இடையூறு செய்யும். ஸ்விட்சு என்னும் சொல்லுக்கே அங்கு இடமில்லை. எரிந்துகொண்டிருக்கும் விளக்கை ஓடும் வண்டியில் அமர்ந்தபடியே தாழ்த்தவும் உயர்த்தவும் எளிய வழி இல்லை.

மின்விளக்கை வண்டியில் பொருத்தும் எண்ணம் புதிதன்று. 1898-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் கொலம்பியா என்னும் மின்சார வண்டிக்கு மின்விளக்குகள் வைத்தனர். ஆயினும் அக்காலத்து இழைகள் குண்டு குழியில் அதிர்ந்து அறுந்தன. பெட்ரோல் வண்டிகளிலோ மற்றொரு இடர்ப்பாடு இருந்தது. பாட்டரியில் சேர்த்த மின்சாரம் விரைவில் தீர்ந்துவிடும். ஓடும்போதே மின்சாரம் உண்டாக்கும் டைனமோ வேண்டும்; அது வேகத்துக்குத் தக்கபடி கட்டுப்பட வேண்டும்; அதிர்ச்சியைத் தாங்கும் டங்ஸ்டன் இழை வேண்டும். இவை யாவும் ஒன்றுகூடியது 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில். சார்லஸ் கெட்டரிங் என்னும் பொறியாளரின் முயற்சியால், 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் இயந்திரத்தைக் கிளப்புவதும் விளக்கேற்றுவதும் மின்சாரத்தின் வேலையாயின. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் டைனமோ, கட்டுப்பாட்டுக் கருவி, முகப்பு விளக்கு ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்கத் தொடங்கியது.

அதே காலத்தில் நம் நாட்டிலும் மோட்டார் யுகம் விடிந்துகொண்டிருந்தது. நெல்லைச் சீமையில் மேற்கு மலையடிவாரத்துத் திருக்குறுங்குடியில் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ஆம் ஆண்டில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். பின்னர் தென்தமிழகத்தின் சாலைகளில் பேருந்துகள் பெருகின. இங்கே ஒன்றைக் கருதிப் பாருங்கள். நம் பகுதியில் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1944-ஆம் ஆண்டில். அதற்குப் பிறகும் பல சிற்றூர்களுக்கு மின்கம்பம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. ஆனால் பேருந்து அதற்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே அத்தகைய சிற்றூர்களில் மக்கள் கண்ட முதல் மின்விளக்கு, ஊர் எல்லையில் வளைந்து வந்த பேருந்தின் முகப்பு விளக்காகவே இருந்திருக்க வேண்டும்.

மின்விளக்கு வந்ததும் முதல் கேள்வி தீர்ந்தது. 'நான் எவ்வளவு தொலைவு காண இயலும்?' என்பது அக்கேள்வி. ஆனால் அது தீர்ந்த உடனே இரண்டாம் கேள்வி பிறந்தது. 'என் ஒளியால் எதிரே வருபவன் கண் கூசுகிறதே, அவன் எவ்வாறு காண்பான்?' என்பதே அது. எண்ணெய் விளக்குக் காலத்தில் எவரும் கேட்டிராத கேள்வி இது. ஒளி பெருகியபோதுதான் பிறர் கண்ணைப் பற்றிய கடமையும் பெருகியது.

இதற்கு முதலில் கண்ட விடை, நெம்புகோலால் விளக்கின் முகத்தையே கீழ்நோக்கிச் சாய்ப்பது. பிறகு 1924-ஆம் ஆண்டில் இன்னும் நுட்பமான விடை கிடைத்தது. ஒரே பல்பில் இரண்டு இழைகளை வைத்தனர். ஓர் இழையின் ஒளி நேரே நெடுந்தொலைவு செல்லும். மற்றொன்றின் ஒளி தாழ்ந்து அருகே படியும். எந்த இழைக்கு மின்சாரம் செல்வது என்பதை ஓட்டுநர் ஒரு ஸ்விட்சால் தீர்மானிப்பார். நெடுங்காலம் அந்த ஸ்விட்சு இடக்கால் அருகே தரையில் இருந்தது. 'டிம் அடிப்பது' என்று நம் ஓட்டுநர்கள் இன்றும் சொல்லும் செயல் இதுவே. பனிமூட்டத்திலும் தூறலிலும் நெடிய ஒளியை ஏற்றினால், நீர்த்துளிகளில் பட்டு அவ்வொளி நம் கண்ணுக்கே திரும்பி வெண்திரையாக நிற்கும். தாழ்ந்த ஒளியே வழி காட்டும். குற்றாலச் சாரலில் வண்டி ஓட்டியவர்கள் இதனை நன்கு அறிவர். நம் ஊர்களில் விளக்குக் கண்ணாடியின் நடுவே கறுப்புப் பொட்டு வைக்கும் வழக்கமும் எதிரே வருபவரின் கண் கூசாதிருப்பதற்கென்றே எழுந்தது.

இரவுச் சாலையில் ஒளி எத்துணை இன்றியமையாதது என்பதை உலகம் ஒரு கொடிய பாடமாகக் கற்றது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில், வான்தாக்குதலுக்கு அஞ்சி இங்கிலாந்தில் தெருவிளக்குகளை அணைத்து, வண்டி விளக்குகளையும் மறைத்தனர். அந்த ஒரே மாதத்தில் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர் தொகை, முந்தைய ஆண்டின் அதே மாதத்தைக் காட்டிலும் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. குண்டு விழுவதற்கு முன்னரே இருள் உயிர் குடித்தது.

இனி ஸ்விட்சின் துன்பத்தைப் பார்ப்போம். இவ்விடத்தில் சிறிது கணக்கு வேண்டும். அஞ்ச வேண்டா, பள்ளியில் நீங்கள் படித்த கணக்கே. இன்று வழங்கும் ஹாலஜன் பல்பின் நெடிய ஒளி இழை 60 வாட்டு. இரு விளக்குகளுக்கும் சேர்த்து 120 வாட்டு. பாட்டரியின் அழுத்தம் 12 வோல்ட். எனவே ஓடும் மின்சாரம் 10 ஆம்பியர். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை சூடேறிய நிலையில் உள்ளதைவிட மிகக் குறைவு; ஆகவே ஏற்றும் அக்கணத்தில் இதைப்போலப் பன்மடங்கு மின்சாரம் பாயும். பழைய முறையில் இம்மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, ஓட்டுநரின் கையருகே உள்ள ஸ்விட்சுக்குள் நுழைந்து, டிம் ஸ்விட்சைக் கடந்து, மீண்டும் முகப்புக்கு நடந்து விளக்கை அடைய வேண்டும். நெடுவழி, மெல்லிய கம்பி, பல இணைப்புகள்.

இதனால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. ஸ்விட்சின் உள்ளே செம்புத் தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறியது. ஒவ்வொரு முறையும் அங்கே பொறி பறந்து தகடு கருகும். கருகிய இடத்தில் தடை கூடும். தடை கூடினால் சூடு கூடும். இறுதியில் ஸ்விட்சே உருகும். இது முதற்கேடு. இரண்டாவது கேடு சத்தமின்றி நிகழ்வது. வழியிலேயே அழுத்தம் சிறிது சிறிதாகக் குறைந்துபோகும். 12 வோல்டில் 1.2 வோல்ட் வழியில் தொலைந்தது என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது, ஒளியும் பத்தில் ஒரு பங்கே குறையும் என்று எண்ணிவிடாதீர்கள். இழை விளக்கின் ஒளி, அழுத்தம் குறைவதைக் காட்டிலும் மிக விரைவாகக் குறையும் இயல்புடையது. அழுத்தத்தில் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது குறைந்துவிடும். புது பல்பு வாங்கி மாட்டியும் வெளிச்சம் மஞ்சளாகவே இருக்கிறதே என்று வருந்தும் வண்டிக்காரர்கள் பலர். குற்றம் பல்பில் இல்லை. பல்புக்குச் செல்லும் வழியில் இருக்கிறது.

இத்துன்பத்துக்கு மருந்து மோட்டார் வண்டி பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே உலகில் தோன்றிவிட்டது. அது தோன்றிய இடம் தந்தித்துறை.

கம்பியின் நீளம் கூடக் கூட அதில் ஓடும் மின்சாரம் மெலியும். நெடுந்தொலைவுக்குத் தந்தி அனுப்ப விரும்பியவர்களுக்கு இது பெருந்தடையாக நின்றது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் பேராசிரியராக விளங்கிய ஜோசப் ஹென்றி 1835-ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். தொலைவிலிருந்து வரும் மெலிந்த மின்சாரம் பெரும் வேலையைத் தானே செய்ய வேண்டியதில்லை. ஒரு சிறு மின்காந்தத்தை உயிர்ப்பித்தால் போதும். அக்காந்தம் ஒரு சிறு இரும்பை அசைக்கும். இரும்பின் அசைவு, அருகிலுள்ள வேறொரு பாட்டரியின் வலிய மின்சாரத்துக்குக் கதவு திறக்கும். செய்தி பழையது, வலிமை புதியது. இவ்வாறு ஒரு கம்பியின் முடிவில் அடுத்த கம்பிக்குப் புது வலிமை ஊட்டினால், தந்தி எத்தனை காதமாயினும் செல்லும். மோர்சு என்பார் 1844-ஆம் ஆண்டில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பியதும், நம் நாட்டில் ஒஷாகனெசி என்னும் மருத்துவர் 1839-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தந்திச் சோதனை செய்ததும் இக்கருத்துகள் முளைவிட்ட காலத்து நிகழ்ச்சிகள். அந்தத் தந்தி 2013-ஆம் ஆண்டு ஜூலையில் நம் நாட்டிலிருந்து விடைபெற்றது. அதன் குழந்தையான ரிலே மட்டும் ஒவ்வொரு வண்டியிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

'ரிலே' என்ற சொல்லின் பிறப்பும் சுவையானது. பிரெஞ்சு மொழியில், நெடும்பயணத்தில் களைத்த குதிரைக்கு மாற்றாக வழியில் நிறுத்திவைக்கும் புதுக்குதிரையைக் குறித்த சொல் அது. நம்மிடம் இதற்கு இணையான சொல் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் தபால் துறைக்கு 'அஞ்சல்' என்றே பெயர். மணி கட்டிய கோலை ஏந்தி ஓடிய அஞ்சலோட்டக்காரர், தம் எல்லை வந்ததும் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். நாம் முன்பு கண்ட செங்கோட்டையும் அந்த அரசின் எல்லைக்குள் இருந்த ஊரே. அத்துறை 1951-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் துறையோடு கலந்தது. ஆயினும் அச்சொல் மறையவில்லை. ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை வானொலியில் 'அஞ்சல்' என்றே சொல்லி வந்திருக்கிறோம். அதனால் இந்தக் கருவியை நான் 'அஞ்சற் காந்தம்' என்று அழைக்கத் துணிகிறேன். பட்டறையில் ரிலே என்றே சொல்லுங்கள். அங்கே அதுதான் விளங்கும்.

மோட்டார் வண்டிக்குள் அஞ்சற் காந்தம் முதலில் நுழைந்தது டைனமோவுக்குத் துணையாக. இயந்திரம் மெதுவாக ஓடும்போது பாட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாதபடி கதவடைத்த 'கட்டவுட்' ஒரு ரிலேயே. பின்னர் இயந்திரம் கிளப்பவும், ஹாரன் ஒலிக்கவும் அது உதவியது. முகப்பு விளக்கின் சுமையும் காலப்போக்கில் அதன் தோளுக்கு மாறியது. இப்போது முறை இது: பாட்டரியிலிருந்து தடித்த கம்பி நேரே ரிலேக்குச் செல்லும், ரிலேயிலிருந்து குறுகிய வழியில் விளக்குக்குச் செல்லும். ஓட்டுநரின் ஸ்விட்சு ரிலேயின் காந்தச் சுருளை மட்டும் உயிர்ப்பிக்கும். அதற்கு வேண்டிய மின்சாரம் ஏறத்தாழ 0.15 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் எங்கே, 0.15 ஆம்பியர் எங்கே! ஆணையிடும் கை வேறு. சுமை தூக்கும் தோள் வேறு. இதுவே இக்கண்டுபிடிப்பின் சாரம்.

இந்த அறிவு தொழிற்சாலைப் பொறியாளருக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் நம் நாட்டில் மோட்டார்த் தொழில் தொடங்கியதே பிறர் செய்த உறுப்புகளைக் கோப்பதில்தான். 1928-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம், பெட்டிகளில் உறுப்புகளாக வந்திறங்கிய வண்டிகளைக் கோத்து விற்றது. சென்னையை அடுத்த எண்ணூரில் 1948-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அசோக் மோட்டார்சு ஆஸ்டின் கார்களை அவ்வாறே கோத்தது. அதே ஆண்டில் சென்னையில் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனமும் அவ்வழியிலேயே தொடங்கியது. 1953-ஆம் ஆண்டில் சுங்கவரி ஆணைக்குழு, உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்யும் திட்டமுள்ளவர்க்கே இத்தொழிலில் இடம் என்று பரிந்துரைத்தது. வெறுமனே கோத்து வந்த அயல்நாட்டு நிறுவனங்கள் விலகின. உறுப்புகளைச் செய்யும் ஆலைகள் இங்கே எழுந்தன. டைனமோ முதலிய மின்கருவிகளைச் செய்ய 1961-ஆம் ஆண்டில் லூகாஸ்–டிவிஎஸ் நிறுவனம் சென்னை பாடியில் பிறந்ததும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே.

இதே நாள்களில் இங்கிலாந்தில் வேறொரு காட்சி. அங்கு முழு வண்டி வாங்கினால் விற்பனை வரி உண்டு. உறுப்புகளாக வாங்கித் தாமே கோத்துக்கொண்டால் அவ்வரி இல்லை. ஆகவே 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த லோட்டஸ் செவன் போன்ற வண்டிகளைப் பலர் பெட்டியில் வாங்கித் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கோத்தனர். 1973-ஆம் ஆண்டில் வரிமுறை மாறியதும் அச்சலுகை மறைந்தது; ஆயினும் தாமே வண்டி கோக்கும் ஆர்வம் மறையவில்லை. அவ்வாறு கோத்தவர்கள் பலர் அடித்தளமாகக் கொண்டது டிரையம்பு ஹெரால்டு வண்டியின் தனிச் சட்டத்தை. அந்த ஹெரால்டின் உடன்பிறப்புத்தான் 1961 முதல் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சக்கரம் பொருத்துவதும் உடல் மாட்டுவதும் கோப்பவருக்கு எளிது. கண்ணால் பார்த்தே செய்துவிடலாம். மின்கம்பிக் கட்டே அவர்களது அறிவைச் சோதித்தது. மின்சாரம் கண்ணுக்குத் தெரியாதே!

அதற்காகத்தான் கம்பிகளுக்கு நிறம் வகுத்தனர். அக்கால லூகாஸ் முறையில் நீலம் முகப்பு விளக்குக்கு உரியது. நீலத்தில் வெள்ளைக்கோடு நெடிய ஒளிக்கு, நீலத்தில் சிவப்புக்கோடு தாழ்ந்த ஒளிக்கு, பழுப்பு பாட்டரியிலிருந்து நேரே வருவது, கறுப்பு 'எர்த்து'. ஜெர்மானியர் இதற்கு எண்கள் தந்தனர். ரிலேயின் அடியில் 30 என்று பொறித்த முனைக்குப் பாட்டரிக் கம்பி. 87 என்ற முனையிலிருந்து விளக்குக்கு. 85, 86 என்ற இரண்டும் காந்தச் சுருளின் முனைகள். இன்றும் உலகெங்கும் இவ்வெண்களே வழங்குகின்றன. மொழி தெரியாத நாட்டில் செய்த கருவியையும் தென்காசிப் பட்டறையில் ஒருவர் தயங்காமல் இணைக்க முடிகிறதென்றால், இந்தப் பொது எழுத்தே காரணம்.

தென்காசிப் பக்கத்தில் ஒரு பட்டறையில் பழைய ஹெரால்டு வண்டியொன்றுக்குக் கம்பி மாற்றுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வண்டியில் முகப்பு விளக்குக்கு ரிலே கிடையாது. சுமை முழுவதும் ஸ்விட்சின் தலையில். வேலை பழகும் சிறுவன் ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, சுவிட்சு சுடுது; இது மட்டமான சாமான்" என்றான். மூத்தவர் சிரித்தார். "சுவிட்சக் குத்தஞ் சொல்லாதல, அது சுமக்க மாட்டாத பாரத்த நாமதான் அது தலையில ஏத்தி வச்சிருக்கோம்" என்றார். ஜோசப் ஹென்றியின் பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தாரோ இல்லையோ, அவர் கண்ட உண்மையைத் தம் சொல்லில் முழுமையாகச் சொல்லிவிட்டார்.

அவர் வேலை செய்த முறையும் கருதத்தக்கது. முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். நெடிய ஒளிக்கு ஒரு ரிலே, தாழ்ந்த ஒளிக்கு ஒரு ரிலே என இரண்டை முகப்பருகே, மழைநீர் படாத இடத்தில், முனைகள் கீழ்நோக்கும்படி பொருத்தினார். பாட்டரியின் அருகிலேயே பியூஸ் வைத்தார். வழியில் எங்கே கம்பி உராய்ந்தாலும் தீப்பற்றாமல் அது முதலில் அறுந்து காக்கும். இடப்பக்க விளக்குக்கும் வலப்பக்க விளக்குக்கும் தனித்தனிப் பியூஸ் தந்தார். "ஒண்ணு போனா ஒண்ணு எரியணும்" என்பது அவர் கூறிய காரணம். மலைவளைவில் இரு விளக்கும் ஒருசேர அணையக் கூடாது என்று நாம் தொடக்கத்தில் அஞ்சினோமே, அந்த அச்சத்துக்கு அவர் தந்த மறுமொழி இது. இறுதியில் எர்த்துக் கம்பியின் அடியில் இருந்த பெயிண்டையும் துருவையும் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி முடுக்கினார். போகும் வழி எவ்வளவு செம்மையாயினும், திரும்பும் வழி கெட்டிருந்தால் மின்சாரம் ஓடாது.

ரிலே வைத்துவிட்டோம், இனி நூறு வாட்டுப் பல்பும் மாட்டலாம் என்று சிலர் துணிவதுண்டு. அது தவறு. தன் கண்ணுக்கு ஒளி தேடி எதிரே வருபவன் கண்ணைப் பறிப்பது, இந்த வரலாறு நெடுகத் தீர்க்க முயன்ற குறையையே மீண்டும் வரவழைப்பதாகும். தயாரித்தவர் குறித்த அளவுகளுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது.

இன்றைய புது வண்டிகளில் இந்த அஞ்சல் முறை இன்னும் வளர்ந்திருக்கிறது. ஸ்விட்சு ஒரு செய்தியை மட்டும் அனுப்புகிறது. சிறு கணிப்பொறி ஒன்று அதனைப் படித்து எல்இடி விளக்கை ஏற்றுகிறது. பல இடங்களில் காந்தமும் இரும்பும் போய், அசைவில்லாத டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. கருவி மாறினும் கருத்து மாறவில்லை. ஆணையிடும் இடத்தையும் சுமை தாங்கும் இடத்தையும் பிரிப்பது. ஒன்றின் பழுது எல்லாவற்றையும் இருட்டாக்காதபடி செய்வது. தன் ஒளி பிறர் கண்ணைக் கெடுக்காமல் காப்பது. இம்மூன்றுமே முகப்பு விளக்கின் வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் செல்வம்.

ஒரு செய்தியோடு முடிக்கிறேன். தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அங்குப் பாடலாகக் கல்லில் ஒரு விண்ணப்பம் வைத்தான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேர்ந்து, அதனைத் திருத்துவோர் எவராயினும் அவர் அடியை இப்போதே வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. கட்டியவன் மன்னன், அவன் வணங்கியது இன்னும் பிறவாத பழுது பார்ப்போரை. சிதைந்து நெடுங்காலம் நின்ற அக்கோயிலின் கோபுரம் 1990-ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்து நிறைவெய்தியது. கண்டுபிடித்தவரின் பெயரை நூல்கள் காக்கும். பழுது பார்ப்பவரின் பெயரை எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஹென்றியின் அறிவு ஆரியங்காவு வளைவில் ஓர் உயிரைக் காக்க வேண்டுமென்றால், அதனை ஏந்தி வந்து சேர்ப்பது கம்பியைச் சுரண்டி முடுக்கும் அந்தக் கையே. அறிவின் நெடிய ஓட்டத்தில் அவரும் ஓர் அஞ்சலோட்டக்காரர். நீங்கள் கற்கும் இயற்பியல் அந்தக் கைக்குச் சென்று சேரட்டும். அந்தக் கையின் அனுபவம் உங்கள் ஏட்டுக்கு வந்து சேரட்டும்.